காடி குலுங்கினால் கலங்க வேண்டாம்

(கிளையின் மாதக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றியும் வீட்டுக் கூரையைப் பற்றியும் பேசுவதே நம் வழக்கம். இன்று பழைய காடியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். போராடிப் பெற்ற சம்பளம் எந்த ஓட்டை வழியாக ஒழுகிப் போகிறது என்று பார்ப்பதும் நம் கடமைதான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். லயத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய புரோட்டோன் சாகா வாங்கினோம். 1985-ஆம் ஆண்டு வெளிவந்த நாட்டின் முதல் தேசியக் காடி வகை. நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த என்ஜின். கிளினிக் 12 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, பஸ் வருவதில்லை. பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் அந்தக் காடிதான் கதி.

மூன்றாம் மாதம் காடி நின்றபடி ஓடும்போது குலுங்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். சில வேளை அணைந்தே போகும். பட்டறைக்குக் கொண்டு போனோம். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "என்ஜினை இறக்க வேண்டும், 1,800 வெள்ளி ஆகும்" என்றார்கள். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி. ஒரு மாத உழைப்பை அப்படியே கொடுத்தாலும் போதாது! எதனால் இறக்க வேண்டும் என்று கேட்டோம். "பழைய காடி, அப்படித்தான்" என்பதே பதில். அது காரணம் ஆகுமா? வயதானவர் இருமினால் வயதுதான் காரணம் என்று டிரெசர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

காடியைத் திருப்பிக் கொண்டு வந்தோம். விவரம் தெரிந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாமே பார்த்தோம். அப்போது கற்றதைத்தான் இங்கே சொல்லுகிறோம்.

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். நின்றபடி ஓடும் ஓட்டத்தை மெக்கானிக்குகள் ஐட்லிங் என்பார்கள். அந்த நேரத்தில் என்ஜினுக்குப் போகும் காற்றும் பெட்ரோலும் மிகக் கொஞ்சம். நிமிடத்துக்கு 700, 800 சுற்றுதான். அதனால் சின்னக் குறைகூட அங்கேதான் பெரிதாகத் தெரியும். வேகமாகப் போகும்போது நன்றாக ஓடி, நிற்கும்போது மட்டும் குலுங்குகிற என்ஜினை உடனே செத்த என்ஜின் என்று சொல்லிவிடக் கூடாது.

என்ஜினுக்கு மூன்று வேண்டும்: சரியான காற்று-பெட்ரோல் கலவை, நேரத்துக்கு நெருப்புப் பொறி, சிலிண்டரில் அழுத்தம். குறை இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். அல்லது என்ஜினைத் தாங்கும் ரப்பரில் இருக்கும். காசு செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும்; என்ஜினை இறக்குவது கடைசிப் பேச்சு.

தொடங்குமுன் எச்சரிக்கை. கொட்டகைக்குள் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். துண்டு, தலைமுடி, சட்டைக்கை ஆகியவை பெல்ட்டுக்கும் காற்றாடிக்கும் அருகில் போகக் கூடாது.

முதல் படி, கேட்பது. குலுக்கல் காலைக் குளிரில் மட்டுமா, சூடான பிறகும் உண்டா? ஏர்கோன் போட்டால் கூடுகிறதா? மழைக்குப் பின் மட்டும் வருகிறதா? தாளம் தவறாமல் ஒரே இடைவெளியில் உதைத்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். ஏறி இறங்கி அலைந்தால் கலவையில் குறை என்று பார்க்கலாம். என்ஜின் சத்தம் சீராக இருந்து காடியின் உடம்பு மட்டும் நடுங்கினால், தாங்கும் ரப்பரைப் பாருங்கள். அந்த ரப்பர் நம் கை வெட்டிய பாலிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. என்ஜின் எண்ணெய் ஒழுகி அதன்மேல் பட்டால் ஊதி, இளகி, கிழிந்துபோகும்.

இரண்டாவது, திருட்டுக் காற்று. கார்புரேட்டருக்குக் கீழே உள்ள மேனிபோல்டு காற்றை உறிஞ்சுகிறது. அதில் மாட்டிய சிறு ஹோஸ்கள் வெயிலிலும் சூட்டிலும் வெடித்துப்போகும். வெடிப்பு வழியாகக் கணக்கில் இல்லாத காற்று புகுந்து கலவை மெலிந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உள்ளே போகும் காற்று அதிகம். அதில் இந்தத் திருட்டுக் காற்று சிறு பங்கு, ஆகவே குலுக்கல் மறைந்துவிடும். நின்றால் மறுபடி வரும். "உஸ்" என்ற சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பாருங்கள். நசுக்கும்போது ஓட்டம் மாறினால் அந்த வழியைத் தொடர்ந்து பாருங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் ஓட்டம் சற்று மாறும். சிலர் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான என்ஜினில் அது தீயை அழைப்பதாகும்; செய்யாதீர்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய ஹோஸையும் பாருங்கள். அது போனால் குலுக்கல் மட்டுமல்ல, பிரேக்கும் மிதிக்கக் கடினமாகும், உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, பொறி. பெரட்டுக் களத்தில் நாம் பெயர் கூப்பிடுவது போல இங்கே சிலிண்டர்களைக் கூப்பிட வேண்டும். என்ஜினை அணைத்து, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் நுனியை என்ஜின் இரும்போடு சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஓடும்போது வயரைத் தொடாதீர்கள். ஷாக் பலமாக அடிக்கும். ஓட்டம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் வேலைக்கு வந்திருக்கிறது. ஒன்றும் மாறவில்லையென்றால் அதற்குச் செக்ரோலில் பெயர் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை! புகைக்குழாயில் கெட்டலிஸ்ட் உள்ள காடியானால் இந்தச் சோதனையைச் சில வினாடிகளோடு நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும்.

வராத சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறையும் கூடவே போனால் பிளக்கின் குற்றம். போகாவிட்டால் வயரையும் அப்படியே, நீளம் எட்டினால், மாற்றிப் பாருங்கள். பிளக்கின் நிறமும் பேசும். இளம் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். என்ஜின் எண்ணெய் ஈரம் இருந்தால் பிஸ்டன் ரிங்கு அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். விடியுமுன் எழுபவர்கள் நாம். அந்த இருட்டில் பானெட்டைத் திறந்து பாருங்கள். வயரிலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ நீலப் பொறி ஓடினால் மின்சாரம் கசிகிறது என்று பொருள்.

நான்காவது, கார்புரேட்டர். காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, சோக் பாதியில் மாட்டிக்கொண்டதா என்று பாருங்கள். ஐட்லிங்குக்கான ஜெட் ஊசித்துளை போன்றது. ஒரு தூசி போதும். அதை அடைக்கும் மின்சார சொலினாய்டு இருந்தால், சாவியைத் திருப்பும்போது "டிக்" என்று கேட்க வேண்டும். கலவை ஸ்குரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும். தொடுமுன் எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊசி முறையில் பெட்ரோல் பீய்ச்சும் பிந்திய காடிகளில் திரோட்டில் பாடியில் கரி படிவதும், ஐட்லிங் காற்று வால்வு மாட்டிக்கொள்வதும் சாதாரணம்.

நம் தவற்றையும் மறைக்கக் கூடாது. காரணம் தேடாமல், அணைந்துபோகும் காடியைச் சமாளிக்க ஐட்லிங் ஸ்குரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிவிட்டோம். குலுக்கல் மறைந்தது, பெட்ரோல் செலவு ஏறியது, நோய் உள்ளேயே இருந்தது. மருந்து கொடுக்காமல் வாயைக் கட்டிய கதைதான்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால், ஐந்தாவதாக அழுத்தம். பட்டறையில் அழுத்தமானி வைத்து நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் கவலைக்குரியது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங்கு தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். பல பழைய என்ஜின்களில் வால்வு இடைவெளியைச் சரிசெய்தாலே போதும் என்பதும் உண்டு.

நம் சாகாவில் என்ன கண்டோம்? மேனிபோல்டின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஹோஸ் வெடித்திருந்தது. மூன்றாவது சிலிண்டரின் பிளக் வயரும் கசிந்தது. இரண்டையும் மாற்ற 47 வெள்ளி. கொஞ்சம் நடுக்கம் இன்னும் இருக்கிறது. அது தாங்கும் ரப்பர், அடுத்த மாதக் கணக்கில்.

எல்லாப் பட்டறையும் ஏமாற்றும் என்று நாம் சொல்லவில்லை. அடுத்த லயத்து வேனை அளந்தபோது அழுத்தம் உண்மையிலேயே விழுந்திருந்தது. என்ஜினை இறக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் காரணம் தெரிந்து காசு கொடுத்தார்கள். மெக்கானிக்கும் தொழிலாளிதான், அவர் உழைப்புக்குக் கூலி கொடுக்க நாம் தயங்கவில்லை. காரணம் சொல்லாமல் கேட்கும் காசுக்குத்தான் தயங்குகிறோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள். காடிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்று எழுதுங்கள். பட்டறையில் "என்ன அளந்தீர்கள், என்ன வந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பி வாங்குங்கள்.

சென்ற வாரம் இரவு இரண்டு மணிக்கு அந்தக் காடி ஒரு பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போனது. வழியில் இரண்டு சிக்னலிலும் அணையாமல் நின்றது. அதற்காகத்தான் இவ்வளவும் பேசினோம்.