கரையான் தின்ற கரும்பும் தொடாத வேம்பும்

(வானொலிப் பேச்சு)



திருவந்திபுரம் என்று சொன்னதும் தேவநாத சுவாமி கோயிலும் கெடில ஆறும் உங்கள் ஞாபகத்துக்கு வரும். கோயிலை ஒட்டிய குன்றுக்கு ஔஷதகிரி என்று பெயர். மருந்து மலை என்று அர்த்தம். செடியின் இலையும் பட்டையும் வேரும் நமக்கு மருந்தாகின்றன. ஆனால் அந்தக் கசப்பையும் துவர்ப்பையும் காரத்தையும் செடி நமக்காகவா உண்டாக்கி வைத்தது? இல்லை. தன்னைத் தின்ன வருகிற பூச்சிக்கும் பூஞ்சாணத்துக்கும் எதிராக அது கட்டிக்கொண்ட வேலி அது. அந்த வேலியைப் பற்றியும், அதில் சந்து பார்த்து நுழைகிற கரையானைப் பற்றியும் இன்றைக்குப் பேசலாம் என்று இருக்கிறேன்.

ஒரு பெரியவர் கேட்ட கேள்வி

சுமார் இருபது வருஷத்துக்கு முன், நான் வேலையில் சேர்ந்த புதிது. கேப்பர் மலைச் செம்மண்ணில் பின்பட்டக் கரும்பு நட்டிருந்த ஒரு பெரியவர் தேடி வந்தார். "தம்பி, கரணை முளைக்கவே மாட்டேங்குது, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். ஒரு கரணையைத் தோண்டிக் கையில் எடுத்தால் எடையே இல்லை. உள்ளே இருந்த சதையெல்லாம் போய், அந்த இடத்தில் மண் அடைத்திருந்தது. வெறும் ஓடுதான் மிச்சம்.

படித்து வந்த ஜோரில் நான் ஒரு மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவரும் கடன் சொல்லி மருந்து வாங்கி ஊற்றினார். புதுக் கரணை வாங்கி மறுபடி நட்டார். பாதி மறுபடியும் போயிற்று. அந்த வருஷம் அவர் வீட்டுக் கறவை மாடு ஒன்று கைமாறிப் போனது. அப்போது அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, வரப்பு மேலே நிக்கிற வேம்பை அது ஏறிட்டும் பாக்கல. என் கரும்பை மட்டும் ஏன் தின்னுது?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்தின் பெயர்தான் தெரிந்திருந்தது.

காளான் பயிர் செய்யும் எறும்பு

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது, கடல் கடந்து இருக்கிற ஒரு எறும்பின் கதை எனக்கு உதவிற்று. தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் இலைவெட்டி எறும்பு என்று ஒரு ஜாதி உண்டு. நம் நாட்டில் கிடையாது. வரிசையாக மரத்தில் ஏறி, இலையைத் துண்டு துண்டாக நறுக்கி, குடை பிடித்தாற்போலத் தூக்கிக்கொண்டு புற்றுக்குப் போகும். இத்தனை இலையையும் அது தின்கிறதா என்றால், இல்லை. இலையை மென்று கூழாக்கி, அதன்மேல் ஒரு வகைக் காளானைப் பயிர் செய்கிறது. நாம் வைக்கோலில் காளான் வளர்க்கிறோமே, அதுபோலத்தான். அதன் குஞ்சுகளுக்கு அந்தக் காளான்தான் சோறு.

இந்த எறும்பு கண்ட இலையையும் வெட்டாது. தடித்து முற்றிய இலை, பால் வடிகிற இலை, சுணை உள்ள இலை என்றால் கூடியவரை ஒதுக்கிவிடும். சில மரத்து இலை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தொடாது. 1983-இல் ஹப்பெல் என்ற விஞ்ஞானியும் அவர் தோழர்களும் அப்படி ஒரு மரத்தை ஆராய்ந்து எழுதினார்கள். நம் புளிய மரத்துக்குத் தூரத்துச் சொந்தமான மரம் அது. அதன் இலையில் உள்ள ஒரு பொருள், எறும்பு வளர்க்கும் காளானை வளரவிடாமல் தடுக்கிறது என்று கண்டார்கள்.

இன்னொரு சோதனையும் நடந்தது. எறும்புக்குப் பிடித்த தீனியிலேயே காளானைக் கொல்லும் மருந்தைக் கலந்து வைத்தார்கள். முதலில் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே காளான் வாட ஆரம்பித்ததும், அந்தத் தீனியையே தொடவில்லை. பிறகு மருந்து கலக்காமல் கொடுத்தபோதும் பல வாரம் ஒதுக்கிற்று. தன் வாய்க்கு எது ருசி என்று மட்டும் அது பார்ப்பதில்லை. தன் பயிருக்கு எது ஆகும் என்று பார்க்கிறது.

நம் ஊர்க் கரையானும் உழவன்தான்

நம் வயலில் புற்றெடுக்கிற கரையானும் இதே தொழில்காரன்தான். புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே அறை அறையாக, மடிப்பு மடிப்பாக, கடற்பஞ்சு மாதிரி லேசான கூடுகள் இருக்கும். அதன்மேல் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை உருண்டைகள் இருக்கும். அதுதான் கரையானின் காளான் தோட்டம். மழைக்காலத்தில் புற்றின்மேல் குடை விரிக்கிற புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதுதான். மனிதன் ஏர் பிடித்துப் பத்தாயிரம் ஆண்டு ஆகிறது. கரையான் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த உழவைச் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் எறும்புக்கும் கரையானுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எறும்பு பச்சை இலையை வெட்டுகிறது. நம் கரையான் பெரும்பாலும் காய்ந்ததை, செத்ததை, நொந்து நிற்பதைத்தான் தேடிப் போகும். இந்த வித்தியாசத்தில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

கட்டையில் இருக்கும் வேலி

வீடு கட்டுகிறவர்களுக்கு இது புதிது இல்லை. தேக்கில் வைரம் பாய்ந்த உள்கட்டையைக் கரையான் லேசில் தொடாது. அதே மரத்தின் வெளிப்புற வெள்ளைக் கட்டையைத் தின்றுவிடும். பண்ருட்டிப் பலாவில் மஞ்சள் ஏறிய உள்கட்டைக்கும் அப்படித்தான் மதிப்பு. மரம் முதிரும்போது நடுக்கட்டையில் சில பொருள்களைச் சேர்த்து வைக்கிறது. அவை கரையானையும் தடுக்கும், பூஞ்சாணத்தையும் தடுக்கும். அதனால்தான் அந்தக் கட்டை உளுத்தும் போவதில்லை. வேம்பில் இருப்பது கசப்பு. முந்திரிக்கொட்டை ஓட்டில் இருப்பது தோலைப் பொத்துவிக்கும் எண்ணெய். அந்த எண்ணெயை மீனவர்கள் படகுக் கட்டைக்குப் பூசுவதும் இதற்காகத்தான்.

வேலி இல்லாத இலவு, மா முதலிய கட்டைகள் சீக்கிரம் போய்விடும். பனை ஓலைக்கும் அதே கதிதான். சிதம்பரம் கோயிலில் பூட்டி வைத்திருந்த தேவார ஏடுகளை ராஜராஜ சோழன் திறந்து பார்த்தபோது கரையான் புற்று மூடியிருந்தது என்று திருமுறை கண்ட புராணம் சொல்லுகிறது. உயிர் போன ஓலை தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாது.

கரும்பும் மல்லாட்டையும்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். நிற்கிற கரும்புக்கு வேலி இருக்கிறது. கெட்டியான தோல் இருக்கிறது, உள்ளே சாறு ஓடுகிறது. ஆனால் கரணையாக வெட்டியதும் இரண்டு பக்கமும் வாசல் திறந்துவிடுகிறது. உள்ளே சர்க்கரை. வெயில் காலம், வறண்ட செம்மண், ஈரம் போதவில்லை. முளை தாமதமாகிறது. பக்கத்திலேயே மக்காத எருவைப் போட்டிருக்கிறோம். அந்த எரு கரையானைக் கூப்பிடுகிறது. வந்த கரையான் திறந்த வாசலைப் பார்க்கிறது. வேம்பு தன் வேலியோடு நின்றது. கரும்பின் வேலியை நாமே வெட்டித் திறந்துவிட்டோம். அந்தப் பெரியவருக்கு இதைச் சொல்லாமல் மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தது என் தப்பு.

மல்லாட்டையிலும் இதே சங்கதிதான். காய் முற்றிய பிறகு, மழை இல்லையே என்று தரையிலேயே விட்டு வைத்தால், கரையான் ஓட்டின் நரம்புகளுக்கு நடுவே உள்ள சதையைச் சுரண்டிவிடும். ஓடு மெலிந்த இடத்தில் பூஞ்சாணம் நுழையும். அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு பருப்பில் சேரும். அது மனிதனுக்கும் ஆகாது, பிண்ணாக்காக மாட்டுக்கும் ஆகாது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, நன்றாக மக்கிய தொழு உரத்தையே போடுங்கள். பச்சை எருவும் அரைகுறையாக மக்கிய குப்பையும் வேண்டாம். முன்பயிரின் கட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, 6 முதல் 8 மாத வயதுள்ள விதைக்கரும்பில் கரணை எடுங்கள். வெட்டிய கரணையைக் காயப் போடாமல் உடனே நடுங்கள். நட்டது முதல் முளை வரும்வரை ஈரம் குறைய வேண்டாம். சீக்கிரம் முளைத்து வேர் விட்ட கரும்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். வேம்பின் கசப்பைக் கொஞ்சம் கரும்புக்குக் கடன் வாங்கித் தருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையான் தொந்தரவு வழக்கமாக உள்ள நிலமானால் கரணையை மருந்து நீரில் நனைத்து நடலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேளாண் அலுவலரைக் கேட்டுச் செய்யுங்கள். முன்பெல்லாம் பி.எச்.சி. தூளைக் கை நிறைய அள்ளித் தூவினோம். அது மண்ணிலும் பாலிலும் தங்கி நின்றதால் 1997-இல் தடை செய்யப்பட்டது. அந்தத் தப்பை வேறு மருந்தில் மறுபடி செய்ய வேண்டாம்.

நான்காவது, மல்லாட்டையை முற்றிய உடனே பிடுங்குங்கள். மண் இறுகியிருந்தால் ஒரு தண்ணீர் விட்டாவது பிடுங்கிவிடுங்கள்.

ஐந்தாவது, முந்திரி, மா, பலா மரங்களில் கிளை வெட்டிய காயத்துக்குப் போர்டோ பசை தடவுங்கள். 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயலில் நம் பக்கத்து முந்திரியும் பலாவும் எப்படி முறிந்தன என்று நீங்கள் பார்த்தவர்கள். முறிந்த கிளையும் பட்டுப்போன கட்டையும் தோப்பிலேயே கிடந்தால் அது கரையானுக்கு வைத்த விருந்து.

ஆறாவது, வயலுக்குள் உள்ள புற்றை மேலே தட்டிவிட்டால் போதாது. ஆழமாக வெட்டி ராணியை எடுத்தால்தான் அந்தக் குடும்பம் அழியும். ஆனால் தரிசிலும் தோப்போரத்திலும் உள்ள புற்றை விட்டுவிடுங்கள். சருகையும் கட்டையையும் மண்ணோடு மண்ணாக்குவது கரையான்தான். அது இல்லையென்றால் அந்த வேலையை யார் செய்வது?

பழைய பானையில் ஈர வைக்கோலும் சாணியும் அடைத்து, புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். கோழிக்குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி ஏது? அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

விவசாயப் பெருமக்களே, கரையானை ஒழித்துவிட்டுப் பயிர் செய்ய நம்மால் ஆகாது. அது எதைத் தேடி வருகிறது என்று தெரிந்துகொண்டால், நம் பயிரை அந்தப் பட்டியலில் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு செடிக்கும் ஒரு வேலி உண்டு. தண்ணீர் தவறினால், எரு தவறினால், காலம் தவறினால் அந்த வேலி சாய்கிறது. அதை நிமிர்த்தி வைப்பது நம் கையில் இருக்கிறது.