ஓரெழுத்தில் மாறும் பெயர்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் யூதர் மட்டுமன்றிப் பிறரும் தம் ஆண்மக்களுக்கு எபிரேயப் பெயர்களை விரும்பிச் சூட்டுகின்றனர். டேவிட், டானியல், நோவா, ஆஷெர் என்பன அவ்வாறு வழங்கும் பெயர்களே. ஒரே வகுப்பில் அதே பெயருடைய பிள்ளைகள் இருவர் மூவர் இருத்தல் கூடுமென எண்ணும் பெற்றோர் சிலர், பெயரை விடாது எழுத்தை மட்டும் மாற்றிப் புதுமை காண விழைகின்றனர். அப்புதுமைக்கு எல்லை உண்டோ என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

எபிரேய நெடுங்கணக்கில் உள்ளவை 22 எழுத்துக்கள். அவை யாவும் மெய்யெழுத்துக்களே. உயிரொலிகளைத் தெளிவுறக் காட்டும் குறிகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், திபேரியா முதலிய இடங்களில் வாழ்ந்த அறிஞரால் வகுக்கப்பட்டவை. ஆதலின், எபிரேயப் பெயரை உரோம எழுத்தில் எழுதுதல், ஒலியை ஒருவாறு தழுவி எழுதுதலேயன்றி வேறன்று. மூலநூலிலேயே எழுத்து வேறுபாடு காணப்படுகின்றது. தாவீதின் பெயர் சாமுவேலின் நூல்களில் மூன்றெழுத்தாலும், நாளாகமத்தில் நான்கெழுத்தாலும் எழுதப்பட்டுள்ளது. ஈசாக்கின் பெயர் ஆமோசின் நூலில் வேறோர் எழுத்துப் பெற்று வருகின்றது. தூண்டில் மீன்பிடித்தலைப் பற்றி 1653இல் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்ட ஐசாக் வால்ட்டன் என்னும் ஆங்கிலேயர், அப்பெயரை 'எஸ்' எழுத்துக்குப் பதிலாக 'இசட்' இட்டு எழுதினார். அதனாற் பெயர் சிதையவில்லை.

எனினும், எல்லா மாற்றமும் இத்தகையதன்று. ஆஷெர் என்பது யாக்கோபின் மைந்தருள் ஒருவன் பெயர்; தமிழ் வேதாகமம் அவனை ஆசேர் என்னும். மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த இனிய பெயர் அது. புதுமை கருதி அதனை 'ஆஷூர்' என எழுதின், அது அசீரியாவின் பெயராகிவிடும். கி.மு. 722 அளவில் வட இஸ்ரவேல் அரசை வீழ்த்தி, அதன் மக்களுட் பலரை நாடுகடத்தியது அந்த அசீரியப் பேரரசே. ஆசேர் கோத்திரமும் அவ்வரசைச் சேர்ந்ததாகும். 'ஆஷிர்' என எழுதினாலோ, எபிரேயம் அறிந்தார் செவியில் அது 'செல்வந்தன்' என்றோ 'பாடுவேன்' என்றோ ஒலிக்கும். பேழை செய்த நோவாவின் பெயரில், ஆங்கிலத்தில் இறுதியில் நிற்கும் 'எச்' எழுத்தை நீக்கினால், அது செலொப்பியாத்தின் புதல்வியருள் ஒருத்தியின் பெயராகிவிடும். எபிரேயத்தில் அவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துக்களாலான வெவ்வேறு பெயர்கள். பின்னது இன்றும் இஸ்ரேலிற் பெண்மக்களுக்கு இடப்படுவது.

வேதாகமத்திலும் பெயர்கள் எழுத்துப் பெற்று மாறியதுண்டு. ஆபிராம் ஓரெழுத்துக் கூடி ஆபிரகாம் ஆனான். ஓசேயா ஓரெழுத்துக் கூடி யோசுவா ஆனான். அங்கே எழுத்தோடு பொருளும் சேர்ந்து வந்தது. ஒருவன் பல சாதியாருக்குத் தந்தையாவான் என்னும் வாக்கையும், மற்றவன் இறைவனின் பெயரையும் அதனாற் பெற்றனர்.

நம் நாட்டுத் தமிழ்க் கிறிஸ்தவரிடையே யோசேப்பு என்றும் சூசை என்றும் வழங்குவன ஒரே பெயரின் இரு வடிவங்கள். முன்னது மூலத்தின் ஒலியைத் தழுவியது. பின்னது போர்த்துக்கேயர் வாயிலாக வந்தது. தலைமுறை தலைமுறையாக மக்கள் நாவிற் பயின்றமையால், இரண்டும் செவ்வனே நிலைபெற்றன. ஒருவர் தனித்திருந்து புனையும் எழுத்துக்கு அத்தகைய துணை இல்லை.

ஆகவே, பெற்றோர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தாம் தெரிந்த பெயர் எபிரேய எழுத்தில் எவ்வாறு எழுதப்படும் என்பதை அம்மொழி அறிந்த ஒருவரிடம் கேட்டறிதல். இரண்டாவது, அப்பெயரை முன்பின் அறியாத ஒருவரிடம் எழுதிக் கொடுத்து உரக்க வாசிக்கச் செய்தல். மூன்றாவது, பிறப்புப் பதிவில் இட்ட எழுத்தையே பின்வரும் பத்திரங்கள் அனைத்திலும் பேணுதல். பாடசாலை வரவு இடாப்பிலும், பரீட்சைச் சான்றிதழிலும், கடவுச்சீட்டிலும் எழுத்து வேறுபடின், அதனால் வரும் அலைச்சல் பெற்றோருக்கன்று, பிள்ளைக்கே.

எழுத்தைப் புதுக்குவோர் பெற்றோர். அதனை வாழ்நாள் முழுவதும் பிறர்க்கு விளக்கி நிற்போன் மகன். அவன் விளக்கும்போது, "இதுவே என் பெயர், இதுவே இதன் பொருள்" எனத் தயங்காது கூறத்தக்க பெயரை அவனுக்கு அளித்தல் பெற்றோர் கடனாகும்.