காது கேளாதோரும் கல்வியும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிறவியிலேயே காது கேளாதவருக்குக் கல்வி புகட்ட இயலாது என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசர் தொகுத்த ரோமைச் சட்டம், பிறவிச் செவிடும் ஊமையுமானவருக்கு உயில் எழுதும் உரிமையையும் மறுத்தது.

இந்த எண்ணத்தைப் பொய்யாக்கியவர்களுள் முதன்மையானவர் பெனடிக்ட் சபைத் துறவி பேத்ரோ போன்சே தெ லெயோன். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ஓஞா மடத்தில், காது கேளாத பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்பித்தார். ஆயினும் அக்கல்வி ஏழையின் வாசலை எட்டவில்லை.

எட்டச் செய்தவர் பாரிஸ் நகரத்துக் குருவானவர் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே (1712–1789). காது கேளாத இரு சகோதரிகளை அவர் தற்செயலாகக் கண்டார். படங்களைக் காட்டி அவர்களுக்குக் கற்பித்துவந்த குரு இறந்துபோயிருந்தார். இவர்கள் ஆண்டவரை அறியாமலே வாழ்ந்து மடிவார்களோ என்ற ஏக்கமே அவரை ஆசிரியராக்கியது. 1760-ஆம் ஆண்டையொட்டித் தம் இல்லத்திலேயே, சொந்தச் செலவில், இலவசப் பள்ளி தொடங்கினார். மாணவரின் சைகைகளை முதலில் தாம் கற்றார். அவற்றின் வழியே பிரெஞ்சு மொழியையும் ஞானோபதேசத்தையும் போதித்தார்.

அவருக்குப் பின்னும் அப்பள்ளி வளர்ந்தது. அங்கே பயின்று அங்கேயே ஆசிரியரான லோரன் கிளேர், தாமே காது கேளாதவர். அமெரிக்கா சென்று, 1817-இல் ஹார்ட்ஃபர்ட் நகரில் பள்ளி அமைக்கத் துணை நின்றார்.

ஆனால் 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சு முறையையே கைக்கொள்ளத் தீர்மானித்தது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். தலைமை தாங்கியவரும் ஜூலியோ தார்ரா என்னும் குருவானவரே! நல்லெண்ணத்திற்குக் குறைவில்லை, உரியவர்களைக் கேட்கத்தான் மறந்தார்கள். பல நாடுகளில் வகுப்பறைகளில் சைகை தடுக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை, அத்தீர்மானத்தின் தீங்குகளுக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் ஓடிவிட்டன!

அன்பர்களே, ஞாயிறுதோறும் பூசைக்கு வந்து, பிரசங்கத்தில் ஒரு சொல்லும் எட்டாமல் வீடு திரும்புவோரை எண்ணிப் பாருங்கள். இரக்கப்பட்டு ஒதுங்குவது போதாது. இந்த யூபிலி ஆண்டில் நம் இளைஞருள் இருவராவது சைகை மொழி கற்று, பீடத்தருகே நின்று, வாசகங்களையும் பிரசங்கத்தையும் அவர்களுக்கு எடுத்துரைக்கட்டும். அதற்கு முன், என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்போம்.