மணமும் மனநோயும்: சட்டம் கேட்பது என்ன?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்கள்முன் சட்டம் பேசுவது பொருத்தமோ என்று சிலர் கருதலாம். ஆயினும், தாயகத்தை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் பெண் ஓர் ஊரிலும் பிள்ளை ஓர் ஊரிலும் இருக்க, ஜாதகம் மட்டுமே இடையில் பயணம் செய்கிறது. அக்கம்பக்கத்தில் விசாரித்தறியும் பழைய வழி அடைபட்டுவிட்டது. மணமான பின்னர் துணைவருக்கு மனநோய் உண்டென்று தெரியவந்தால் அம்மணம் நிற்குமா, நீங்குமா? இக்கேள்விக்குச் சட்டம் கூறும் விடையைச் சுருங்கச் சொல்ல விரும்புகிறேன்.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், மணமக்கள் இருவரில் எவரும் மணவேளையில் மூளை வளர்ச்சியற்றவராகவோ பித்தராகவோ இருத்தல் கூடாது என்று மட்டுமே முதலில் விதித்தது. 1976இல் அவ்விதி விரிவாகத் திருத்தப்பட்டது. மனம் பேதலித்தமையால் இசைவு தர இயலாதவர், இசைவு தர இயன்றும் இல்லறத்திற்கும் மகப்பேற்றிற்கும் தகுதியற்றவராகும் அளவுக்கு மனநோய் உற்றவர், அடிக்கடி பித்து மேலிடுபவர் என மூவகையினர் அதில் கூறப்பெற்றனர். இக்குறை மணவேளையிலேயே இருந்ததென மெய்ப்பித்தால், நீதிமன்றம் அம்மணத்தைச் செல்லாததாக்கலாம். வலிப்பு நோயும் அன்று இவ்வரிசையில் சேர்க்கப்பட்டிருந்தது. 1999இல் அது நீக்கப்பட்டுவிட்டது. வலிப்பு என்ற சொல் கேட்டதுமே சம்பந்தத்தை முறிக்கும் பெரியோர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

மணத்திற்குப் பின் தோன்றிய நோய்க்கு வழி வேறு. அங்கே கேட்கப்படுவது மணவிலக்கு. அதற்கும் நோய் இருந்தால் மட்டும் போதாது. மனுதாரர் அவரோடு சேர்ந்து வாழ வேண்டுமென்று நியாயமாக எதிர்பார்க்க இயலாத வகையிலும் அளவிலும் அந்நோய் இருத்தல் வேண்டும்.

‘வகை, அளவு’ என்ற இரு சொற்களே இச்சட்டத்தின் உயிர்நிலை. 1988இல் உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. மனைவிக்கு மனச்சிதைவு நோய் என்று கூறிக் கணவர் மணவிலக்குக் கோரினார். நோயின் பெயரைச் சூட்டுவது போதாது, அதன் கடுமையை நிறுவ வேண்டும் என்று கூறி நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளிற்று. எந்த அளவு மனக்கோளாறும் மணத்தை முறிக்கப் போதுமெனில், சட்டத்தின்முன் எஞ்சும் மணங்கள் சிலவே என்பது அத்தீர்ப்பின் கருத்து.

கடல் கடந்த ஒரு நாட்டின் அனுபவமும் இதையே காட்டுகிறது. பிலிப்பைன்ஸில் முஸ்லிம்கள் நீங்கலாக ஏனையோர்க்குப் பொதுவாக மணவிலக்குச் சட்டம் கிடையாது. ஆனால் 1987இன் குடும்பச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, இல்லறக் கடமைகளை ஏற்க இயலாத உளவியல் இயலாமை மணவேளையிலேயே ஒருவருக்கு இருந்திருப்பின், அம்மணம் தொடக்கமுதலே செல்லாது என்கிறது. 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அவ்வியலாமை மருத்துவ முறையில் அடையாளங் காணப்பட்டதாகவும் தீராததாகவும் இருக்க வேண்டுமென்று கடுமையான விதிகளை வகுத்தது. 2021இல் அதே நீதிமன்றம், இது மருத்துவக் கருத்தன்று, சட்டக் கருத்தே என்று தெளிவுபடுத்தியது. மருத்துவர் சாட்சியம் கட்டாயமில்லை. மணத்திற்கு முன்பே அவரை அறிந்தவர்கள் அவருடைய நடத்தையைப் பற்றிச் சாட்சி சொல்லலாம் என்றும் கூறிற்று. இரு நாடுகளும் வெவ்வேறு வழியே சென்று, நோயின் பெயரைக் காட்டிலும் வாழும் ஆற்றலே முக்கியம் என்ற ஒரே முடிவை நெருங்கியுள்ளன.

அப்படியானால் உண்மையை மறைத்து மணம் முடிக்கலாமோ? கூடாது. மணமகனையோ மணமகளையோ பற்றிய முக்கியமான உண்மையை வஞ்சனையாக மறைத்து இசைவு பெற்றிருந்தால், அதுவே மணத்தைச் செல்லாததாக்கும் தனிக் காரணம். வஞ்சனை தெரிந்த ஓராண்டிற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தெரிந்த பின்னும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்தவர்க்கு அவ்வுரிமை இல்லை. இவ்வாறு செல்லாததாக்கப்பட்ட மணத்தில் பிறந்த குழந்தைகள் முறைப்படி பிறந்தவர்களே என்று சட்டம் காப்பளிக்கிறது.

“ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் தெளிந்துவிடும்” என்று நம்மவர் கூறுவதுண்டு. தாலி மருந்தன்று. நோயுற்ற பிள்ளைக்கு முதலில் வேண்டுவது மருத்துவர். பந்தற்கால் பிறகு நடலாம். சிகிச்சை பெற்று நலமாக வாழ்பவரைப் பற்றி இரு வீட்டாரும், குறிப்பாக மணமக்கள் இருவரும், முன்கூட்டியே மனம்விட்டுப் பேசிக்கொள்ளட்டும். அறிந்து செய்துகொண்ட மணத்திற்கு அச்சமில்லை. மணமான பின் நோய் கண்டாலோ, வக்கீல் வீட்டுப் படியை மிதிக்குமுன் வைத்தியர் வீட்டுப் படியை மிதியுங்கள். சட்டம் இறுதிப் புகலிடமாக இருக்கட்டும். நோயுற்றவரைக் கைவிட அது ஒரு கருவியாகிவிடலாகாது. உண்மையை மறைக்காத வீடும், நோயுற்றவரை வெறுக்காத வீடும் நம் காலனியில் பெருகுமானால், இவ்விழாவின் பயன் அதுவே.