மூணு மாசத்துக்குத் தொள்ளாயிரம்

(செங்கல்பட்டில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



என்னைக் கவிஞர்னு சொல்லி அறிமுகம் பண்ணாங்க. இன்னிக்குக் கவிதை வாசிக்க வரலை. எனக்குச் சோறு போடுறது வங்கி. கவுண்டர்ல உட்கார்ந்து பணம் வாங்குற, பணம் எண்ணிக் கொடுக்குற குமாஸ்தா வேலை. அந்தக் கவுண்டர்ல நான் பார்த்த ஒரு சின்னத் தொகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வேலைவாய்ப்பற்றோருக்கு நம் அரசு கொடுக்கிற உதவித்தொகை.

முதல்ல ஒரு சம்பவம். சொல்ல எனக்கு வெட்கமாத்தான் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னால, கடலோரத்துக் காலனி ஒண்ணுலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. பத்தாவது பாஸ். மூணு மாசத் தொகை தொள்ளாயிரம் ரூபாய் கணக்குல வந்திருக்கு, ஆனா எடுக்க முடியலை. ரெண்டு வருஷத்துக்கு மேல அந்தக் கணக்குல அவங்க போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அதனால செயலற்ற கணக்குன்னு முடங்கிப் போச்சு. நான் என்ன செஞ்சிருக்கணும்? ஒரு படிவத்தைக் கையில கொடுத்து, ஆதார் நகலும் போட்டோவும் வேணும்னு ஒரே தடவையில சொல்லியிருக்கணும். முதல் நாள் ஆதார் ஜெராக்ஸ் கேட்டேன். ரெண்டாம் நாள் போட்டோ கேட்டேன். மூணாம் நாள் கூட்டம் அதிகம். "அப்புறம் வாம்மா"ன்னேன்.

அவங்க நகரலை. என் முகத்தையே பார்த்துட்டு, "சார், நீங்க எந்த ஊரு?"ன்னு கேட்டாங்க.

நான் ஊர்ப் பேரைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியும், நம்ம பக்கத்துல ஊர்ப் பேரை மட்டும் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு. நான் பிறந்தது அந்த ஊரின் காலனியில். அதை முழுங்கிட்டேன். அந்த அம்மா சாதாரணமா, "நானும் அந்தப் பக்கம்தான் சார், காலனி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சட்டை போட்டுக்கிட்டு, பேனா சொருகிக்கிட்டு, கண்ணாடிக்குப் பின்னால உட்கார்ந்திருந்த எனக்கு இல்லாத தைரியம் அவங்களுக்கு இருந்தது.

"அப்புறம் வா" என்கிற அந்த ரெண்டு வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது? பத்தாவது முடிச்ச வருஷம் பதிவு செய்ய அப்பா என்னை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். இருந்த ஒரே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அப்புறம் வா." அப்பா கையைக் கட்டிக்கொண்டு, சரிங்க என்றார். கூலி போன அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதிகாரத்தின் மொழியை நான் கற்றுக்கொண்டது அந்த ஜன்னலில்தான். ஆள் மாறி உட்கார்ந்தாலும் பேச்சு மாறவில்லை.

சரி, இந்தக் காசு யாருடைய காசு?

அரசியலமைப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலைக்கான உரிமை, கல்விக்கான உரிமை, வேலையின்மையிலும் முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமை. இவற்றுக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. கூடவே "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்று ஒரு பூட்டும் இருக்கிறது. வழிகாட்டு நெறி என்பதால் இதை வைத்து நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. இருந்தாலும் அங்கே எழுதியிருக்கிற சொல் உரிமை.

வேலைவாய்ப்பு அலுவலகம் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம். பட்டாளத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு வேலை தேடித்தர 1945 ஜூலையில் மத்திய அரசு ஒரு தனித் துறையைத் தொடங்கியது. அப்போது வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அதற்கும் முன்னால் போங்கள். பொதுச் சாலை, கிணறு, குளம் மட்டுமல்ல, அரசு அலுவலகத்துக்குள்ளும் நம் ஆட்கள் நுழையத் தடையில்லை என்று சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1924-இல். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, வீரையன் எல்லாம் அந்த அவையில் இருந்தார்கள். ஆபீஸ் வாசப்படி ஏறுவதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது தோழர்களே! ஏறி நூறு வருஷம் ஆகிவிட்டது. உள்ளே போய் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

இப்ப விதிகளுக்கு வருவோம். பேனா இருக்கிறவங்க எழுதிக்குங்க.

பத்தாவது எழுதித் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய். பத்தாவது பாஸ் 300. பிளஸ் டூ 400. பட்டம் 600. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வங்கிக் கணக்கில் வரும். மூணு வருஷத்தோடு நின்றுவிடும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் அதிகம், பத்து வருஷம் வரை கிடைக்கும், பதிவு செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் போதும். மற்றவர்கள் பதிவு செய்து, இடையில் விடாமல் புதுப்பித்து, ஐந்து வருஷம் முடித்திருக்க வேண்டும். வயது வரம்பு நமக்கும் பழங்குடியினருக்கும் 45, மற்றவர்களுக்கு 40. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்கு மேல் போகக்கூடாது. கல்லூரிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருப்பவருக்குக் கிடையாது, அஞ்சல்வழியில் படித்தால் தடையில்லை. மருத்துவம், பொறியியல் மாதிரி தொழிற்படிப்பு படித்தவருக்கும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை, எனக்கு இன்னும் வேலை இல்லை என்று சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் பணம் நிற்கும்.

காலனியில் ஒரு பயம் உண்டு. இந்தக் காசை வாங்கினா கார்டை அடிச்சிடுவாங்க, அப்புறம் வேலைக்குக் கூப்பிடவே மாட்டாங்க என்று. பொய். உதவித்தொகை வாங்குவதால் பதிவு ரத்தாகாது. பதிவு போவதற்குக் காரணம் வேறே. மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால்தான் போகும். போனால் சீனியாரிட்டியும் போகும், ஐந்து வருஷக் கணக்கும் போகும். என் அக்காவுக்குப் போச்சு. புதுப்பிக்க வேண்டிய சமயத்துல பிரசவத்துக்குப் படுத்திருந்தா. வங்கிப் பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருந்த நான் அவ கார்டை ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கலை. ஆபீசை மட்டும் திட்டினா போதுமா?

இன்னொரு கணக்கு. நாளைக்கு இருநூறு ரூபாய் கூலிக்கு ஒருத்தர் மாசம் முழுக்கப் போனாலே மாசம் ஆறாயிரம். வருஷத்துக்கு 72,000 வந்துவிடுகிறது. வீட்டில் இன்னொருவர் பத்து நாள் வேலைக்குப் போனால் அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிய குடும்பம்! ஐந்து வருஷம் காத்திருந்து, மூணு வருஷம் வாங்கினால், பத்தாவது பாஸ் ஆனவர் கையில் மொத்தம் 10,800 ரூபாய். நாளைக்குப் பத்து ரூபாய். பட்டதாரிக்கு இருபது.

பத்தாவது வரைக்கும் போகாதவர்? எட்டாவதோடு நின்று ஏரிக்கரையில் களையெடுக்கப் போன நம் பெண்கள்? இந்தக் கணக்கில் அவர்கள் வேலையில்லாதவர்களே இல்லை. ஏரி வத்தினா அவர்களுக்கு வேலையும் வத்தும். அதை எந்தப் பதிவேட்டில் எழுதினார்கள்? கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் 2024-இல் 8,000 ஆனது. நியாயமான தொகை, அவர்கள் போராடி வாங்கியது. வேலை இல்லாத நாளுக்குக் காசு கொடுக்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே கரையில் ஐஸ் உடைக்கிற, கூடை தூக்குற நம் ஆளுக்கு அந்த 61 நாளும் அடுப்பு எரிய வேண்டாமா?

கிராமத்துக்கென்று 2005-இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. அதிலேயே வேலையில்லாக் கால படி எழுதியிருந்தது. வேலை கேட்டு மனு கொடுத்து 15 நாளில் வேலை தராவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்குப் பிறகு பாதிக்குக் குறையாமல் தரவேண்டும். எத்தனை பேர் வாங்கினீங்க? கையைத் தூக்குங்க. (ஒரு கையும் எழவில்லை.) வாங்க முடியாததற்கு முக்கியமான காரணம் ஒன்று. வேலை கேட்டதற்கு நம்மிடம் தேதி போட்ட ரசீது இல்லை. வாயால் கேட்டோம், வாயால் பதில் சொன்னார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எந்தச் சட்டமானாலும் சரி, ரசீது இல்லாதவன் கேட்கவே இல்லை என்றுதான் ஆபீஸ் சொல்லும்.

இனி வேலை கொடுக்கிறவர் பக்கம். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-இல் சட்டம் போட்டார்கள். 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தனியார் நிறுவனத்துக்கும் அது பொருந்தியது. தெரிவிக்கத்தான் வேண்டும், அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அதே சட்டத்தில் எழுதினார்கள்! 1996-இல் உச்சநீதிமன்றம், அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து விண்ணப்பித்தவர்களையும் பார்க்க வேண்டும் என்றது. அதோடு கார்டின் மவுசு குறைந்தது. வரிசையில் நின்ற நம் அப்பன்மார்களுக்கு அதை யாரும் வந்து சொல்லவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக ரிசார்ட்டுகள். என் அத்தை மகன் ஒன்றில் அறை துடைத்துக்கொண்டிருந்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கேட்டை மூடினார்கள். இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களுக்கு 2018-இலேயே ஒரு திட்டம் இருந்தது. வேலை போனால் சராசரிக் கூலியில் கால் பங்கு, 90 நாள் வரை. 2020-இல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். கேட்கலாம் என்று போனால் அவனுக்கு இ.எஸ்.ஐ. நம்பரே இல்லை. அவனை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர் பதிவே செய்யவில்லை. அந்தக் கான்ட்ராக்டர் யார்? வேறு சாதிக்காரர் இல்லை. நம் தெருக்காரர், நமக்கு மாமா முறை. இங்கேயும் ஆள் வைத்து வேலை வாங்குகிற தோழர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கீங்க. நீலத் துண்டு போட்டுக்கிட்டு நம்ம பையனோட இ.எஸ்.ஐ.யை ஏப்பம் விட்டா, பண்ணையாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

கடைசியா ஒண்ணு. 'வேலையில்லாதவன்' என்று நம்மைச் சொல்கிறார்களே, நாம் எப்படி அப்படி ஆனோம்? இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். நிலம் இல்லாததுதான் வேர் என்று கண்டார். 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்த நிலம் கைமாறிப் போனது. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமஸையும் ஏழுமலையையும் கொடுத்தோம். நிலம் கேட்டவனுக்குக் குண்டு கொடுத்த அரசு, வேலை கேட்டவனுக்கு மாதம் முந்நூறு ரூபாய் எழுதுகிறது. அதனால்தான் அதை தர்மக்காசு என்று நினைத்துக் கூசாதீர்கள் என்கிறேன். பெரிய பாக்கியில் ஒரு துளி வட்டி அது. அதை வாங்கினால் போராட்டம் நீர்த்துப்போகும் என்று சில தோழர்கள் சொல்வார்கள். பாக்கிக்காரன் வட்டி கொடுத்தால் வாங்கிக்கொண்டு அசலையும் கேட்பதுதான் முறை.

வங்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்கில் நூறு ரூபாய் போடுங்கள் அல்லது எடுங்கள். முடங்கிய கணக்கைத் திரும்ப உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. 2024 ஏப்ரலிலிருந்து அது ரிசர்வ் வங்கி விதி. முடங்கிய கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்தம் செய்யவும் கூடாது. யாராவது "அப்புறம் வா" என்றால், என்றைக்கு, என்னென்ன காகிதத்தோடு வரவேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். என் கவுண்டரானாலும் கேளுங்கள்.

அந்த அம்மாவை அப்புறம் நான் தேடிப் போனேன். படிவத்தை அவங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து நானே எழுதினேன். எந்த ஊரு, எந்தத் தெருன்னு இந்தத் தடவை முழுசாச் சொன்னேன். "அன்னிக்கே தெரியும் தம்பி"ன்னாங்க. சார் போயி தம்பி ஆச்சு. எனக்குக் கிடைச்ச பெரிய பரிசு அது.

இந்த ஞாயித்துக்கிழமை காலையில காலனிப் பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருப்பேன். பழைய கார்டு, சர்ட்டிபிகேட்டு, பாஸ்புக்கு, எது இருக்கோ எடுத்துக்கிட்டு வாங்க. எழுதத் தெரிஞ்ச தம்பிங்க பத்துப் பேர் பேனாவோட வாங்க.

ஜெய்பீம்.