தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், உயிரியல் மாணவர்களுக்காக ஆற்றிய உரை)



"இன்ஜினியருக்கும் தாவரவியலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் வேலை பார்ப்பது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில். அங்கே நடப்பதும் உங்கள் பாடத்தில் வரும் சவ்வூடு பரவல்தான்.

உங்களில் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். இந்தப் பாடத்தை வரையறையில் தொடங்காதீர்கள், மாவடுவில் தொடங்குங்கள். உப்பில் போட்ட வடு நாலு நாளில் சுருங்குது. நாம் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, ஜாடியில் நீர் நிற்குது. காயின் செல்களிலிருந்து வந்த நீர் அது.

இதைப் பார்த்ததும் "உப்பு அதிகமுள்ள பக்கம் நீர் போகும்" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பாதிதான் சரி. அழுத்தத்தையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமை. அந்தக் கூட்டுத்தொகையே நீரியல் திறன்.

தூய நீருக்கு அது பூஜ்யம். கரைபொருள் சேர்ந்தால் கீழே இறங்கும், அழுத்தம் கொடுத்தால் மேலே ஏறும். மைனஸ் எண்ணைக் கண்டு மிரளும் பிள்ளைக்குக் கிணற்றைச் சொல்லுங்கள். தரைமட்டம் பூஜ்யம்; இரண்டடி ஆழத்தில் நிற்கும் நீர், மூன்றடி ஆழத்தில் நிற்பதைவிட மேலேதானே இருக்கு?

இப்போது அடுத்தடுத்து இரண்டு செல்களைப் பலகையில் வரையுங்கள். முதல் செல்லில் கரைபொருள் திறன் −0.8, அழுத்தத் திறன் +0.5, கூட்டினால் −0.3 மெகாபாஸ்கல். இரண்டாவதில் −1.2, +1.0, கூட்டினால் −0.2. கரைபொருள் அதிகம் இரண்டாவதில். ஆனாலும் நீர் அங்கிருந்து முதல் செல்லுக்குத்தான் போகும்! விடை சொல்வதற்கு முன் வகுப்பைக் கை தூக்கச் சொல்லுங்கள். அப்புறம் யாரும் மறக்க மாட்டார்கள்.

எங்கள் ஆலையிலும் இதே கணக்குதான். கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 2.7 மெகாபாஸ்கல். எங்கள் பம்புகள் 5.5 முதல் 7 வரை கொடுக்கும். அதனால்தான் நீர் உப்பை விட்டு நல்ல நீர்ப் பக்கம் வருது.

இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயம் இல்லை. உவர் நிலத்தில் ஈரம் இருக்கும், பயிர் வாடும். மண்நீரில் உப்பு ஏற ஏற அதன் நீரியல் திறன் இறங்குது. வேரின் திறன் அதற்கும் கீழே இருந்தால்தான் நீர் உள்ளே போகும். கண்டல் மரங்களால் அது முடியும். 1965இல் ஷோலாண்டர் குழுவினர் அளந்தபோது, அம்மரங்களின் சாற்றழுத்தம் கடல்நீரின் அளவுக்கும் கீழே இருந்தது. நெல்லால் அது முடியாது. காரணம் தெரியாதவர் "சத்து பத்தலை" என்று இன்னொரு கை யூரியா போடுவார். உரமும் கரைபொருள்தானே? பயிருக்கு இன்னும் தாகம் எடுக்கும்.

அந்தக் கையைத் தடுக்கப் போகிறவர், இன்று நீங்கள் பாடம் சொல்லப்போகும் ஒரு பிள்ளையாக இருக்கலாம். புரியும்படி சொல்லிக்கொடுங்கள்.