ஹூக்ளிக் கரையில் போக்குவரவு

கொல்கத்தாவில் குடியேற வரும் தமிழன்பர், ஹௌரா ரயிலடியில் இறங்கியதும் முதலில் காண்பது ஹூக்ளி நதியை. 1943-இல் திறக்கப்பெற்ற பாலத்தின் வழியே பஸ்ஸில் அதனைக் கடக்கலாம். படித்துறைக்குச் சென்று லாஞ்சில் ஏறலாம். 2024 மார்ச் முதல் ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ரயிலும் செல்கிறது. ஆற்றைக் கடக்க அதற்கு ஒரு நிமிடங்கூடப் பிடிப்பதில்லை. ஆயினும், அவசரமில்லாதவர்க்கு நான் லாஞ்சையே சொல்வேன்.

1873-இல் குதிரைகள் இழுத்த டிராம் வண்டி, 1902-இல் மின்சாரத்தால் ஓடத் தொடங்கிற்று. மைதானத்துத் தடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. டிராம் சாலையை அடைக்கிறதாம்! தண்டவாளத்தின்மீது ஏறி நிற்கும் மோட்டார்களைப் பற்றி எவரும் அவ்வாறு சொல்லக் கேட்டதில்லை.

கைரிக்ஷாவின் கதை வேறு. மனிதனை மனிதன் இழுக்கும் அவ்வண்டியை ஒழிக்க 2006-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, வண்டியோ மறையவில்லை. இழுப்போரிற் பலர் பீஹாரிலிருந்து வந்தவர்கள். நம்மைப் போலவே பிழைப்பு நாடி ஊரை விட்டவர்கள். அதில் ஏறி அமர மனம் கூசுகிறது. ஏறாதொழிந்தால் அவர் வீட்டுக்குப் பணம் போகாது. வேறு தொழிலுக்கு வழி செய்யாமல் வண்டியை மட்டும் பறிப்பது நியாயமாகுமா?

மழைக்காலத்தில் தெருவெல்லாம் முழங்காலளவு நீர் நிற்கும். டாக்ஸிகள் வாரா. அந்நாளில் முதியவரை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பவர் கைரிக்ஷாக்காரர்தாம். அன்று இரட்டிப்புக் கூலி கேட்பார். நான் மறுபேச்சின்றிக் கொடுத்து வருகிறேன்.